மூடுபனிப் பெரட்டு

"இன்னைக்கு நீதான் வேலாயி. குளிர்ல மறந்துபோயி உன் பேரைச் சொல்லிப்புடாத" என்று சொல்லி, வேலாயி தன் கூடைக் கயிற்றை நாகலெட்சுமியின் தலையில் மாட்டிவிட்டாள்.

"மறப்பேனாக்கா? நேத்துக் கனவுல யாரோ வேலாயின்னு கூப்பிட்டாங்க. நான்தான் எந்திரிச்சுப் போயி என்னன்னு கேட்டேன்."

"நல்ல கூத்துதான். அப்ப எம் புருசன் கூப்பிட்டாலும் போயிருவ போல!"

இருவரும் சிரித்தார்கள். தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் சிரிப்புச் சத்தம் கேட்பதே அந்த வருடத்தில் அபூர்வம்தான்.

தேயிலை விலை விழுந்துவிட்டதென்று, டயகமப் பக்கத்து அந்தத் தோட்டத்தில் துரை இருபது பெண்களை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார். விலை ஏறினால் திரும்பக் கூப்பிடுவாராம். நாகலெட்சுமி அந்த இருபதில் ஒருத்தி. பெரட்டுக் களத்தில் காலையில் பெயர் கூப்பிட்டுத்தான் வேலைக்கு அனுப்புவார்கள். அவள் பெயரைக் கூப்பிட்டு இரண்டு மாதமாகிறது. தன் பெயரை அடுத்தவர் வாயால் கேட்காமலே நாள் போனால், தான் இருக்கிறோமா என்று தனக்கே சந்தேகம் வந்துவிடும். அவளுக்கு வந்திருந்தது.

தொழிற்சங்கம் சும்மா இருக்கவில்லை. தோட்டத் தலைவர் அழகுமுத்து மூன்று தடவை துரையிடம் போய்ப் பேசினார். "இருபது பேரை ஒரேயடியா நிறுத்த வேணாங்க. இருக்கிற வேலைய எல்லாருக்கும் முறை வச்சுக் குடுங்க" என்று கேட்டுப் பார்த்தார். துரை முடியாது என்றார்.

துரை வைக்காத முறையைப் பெண்கள் தாங்களே வைத்துக்கொண்டார்கள். திங்களும் வியாழனும் துரை பெரட்டுக்கு வருவதில்லை. அந்த நாட்களில் வேலை உள்ளவள், தோட்டம் கொடுத்த அறையான லயத்துக் காம்பராவில் தங்கிவிடுவாள். வேலை இல்லாதவள் அவள் பெயரில் போவாள். வருகிற அரிசி இரண்டு அடுப்பிலும் வேகும். கங்காணி கண்டும் காணாதது போல இருந்துவிடுவார். பயமெல்லாம் பெயர் கூப்பிடும் கணக்கப்பிள்ளை யேசுரட்ணத்திடம்தான். பன்னிரண்டு வருடமாக இந்தப் பிரிவில் இருக்கிறவர். இருமலை வைத்தே ஆள் யாரென்று சொல்லிவிடுவார்.

"தலைவரு சொன்னது ஞாபகம் இருக்குல்ல?" என்றாள் வேலாயி, சிரிப்பை நிறுத்தி.

"இருக்குக்கா. நாளைக்கு அட்டன்ல நாலாவது பேச்சு. இன்னைக்கு யாராச்சும் மாட்டினா பேச்சு அதோட முடிஞ்சுரும். என் காம்பராவும் போயிரும்."

"எங் காம்பராவும்தான்டி. பாத்துப் போ."

வெளியே மலையைக் காணவில்லை, பாதையைக் காணவில்லை. பனி எல்லாவற்றையும் எடுத்து எங்கோ பத்திரமாக வைத்துவிட்டிருந்தது. நாகலெட்சுமி கால் பழகிய தடத்தில் நடந்தாள். நடக்க நடக்க உடம்பு லேசானது. தூக்கம் இன்னும் கலையாமல் தானே மிதந்து போவதாக அவளுக்குத் தோன்றியது. தேயிலை அரைக்கும் ஸ்டோருப் பக்கமிருந்து வாடிய கொழுந்தின் வாசம் மட்டும், இது நிசம்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

பெரட்டுக் களத்தில் முகங்களே இல்லை, குரல்கள்தான் இருந்தன. தலையோடு கம்பளி போர்த்திய ஓர் உருவம் லாந்தரோடு நின்றது. அங்கிருந்து பெயர்கள் வந்தன.

"மீனம்மா!"

"இருக்கேங்கய்யா." பதில் சொன்னது பூரணி.

"காளியாயி!"

"இருக்கேங்கய்யா." அது அழகம்மா. நாகலெட்சுமி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

பனிக்குள் யாரும் யாராகவும் இருக்கலாம். அது அவளுக்குப் பிடித்திருந்தது. இந்தப் பனி இப்படியே வருடம் முழுக்க இருந்தால் யாரையும் நிறுத்த முடியாதே என்று நினைத்துக்கொண்டாள்.

"வேலாயி!"

தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டாள். "இருக்கேங்கய்யா."

பென்சில் கீறும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். நாலு வாரமாக இப்படியே நடக்கிறது. இருமலில் ஆளைப் பிடிக்கிற மனிதரையே ஏமாற்றிவிட்டோமென்று அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மலையிலிருந்து காற்று இறங்கியது. பனி கிழிந்து கிழிந்து விலகியது. ஒவ்வொருத்தியாகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். முன் வரிசையில் நின்ற நாகலெட்சுமிக்கு ஒளிய இடமில்லை.

கணக்கப்பிள்ளை புத்தகத்தை மூடினார். நேராக அவளை நோக்கி நடந்து வந்தார்.

போச்சு. தன் காம்பரா போச்சு, வேலாயியின் காம்பராவும் போச்சு, நாளைக்குத் தலைவர் பேசப்போகிற பேச்சும் போச்சு. பாவி, சிரிப்பு வேறு சிரித்தோமே என்று மனசுக்குள் அடித்துக்கொண்டாள். காலில் விழலாமா, ஓடிவிடலாமா என்று தெரியாமல் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். சப்பாத்துச் சத்தம் அவள் முன்னால் வந்து நின்றது.

"நீங்கதான் வேலாயியா?" குரல் மெதுவாகக் கேட்டது.

"ஆமாங்கய்யா." அவளுக்கே அவள் குரல் கேட்கவில்லை.

மெல்லக் கண்ணைத் திறந்தாள். கம்பளிக்குள் இருந்தது அவள் பார்த்தேயிராத ஒரு முகம். யேசுரட்ணத்தைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். அவளைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தது.

"காட்டிக் குடுத்துறாதீங்கக்கா. என்னையப் பக்கத்துத் தோட்டத்துல நிறுத்திட்டாங்க. துரை வராத நாள்ல எங்கண்ணன் யேசுரட்ணம் பேர்ல நான்தான் வாறேன். ரெண்டு பேருக்கும் ஒரே குரலு" என்றான். "இங்க ஒருத்தர் முகமும் எனக்குத் தெரியாது. மாட்டிக்கிட்டா வேலாயியக்கா ஒருத்தருகிட்ட மட்டும் உண்மையச் சொல்லலாம்னு அண்ணன் சொல்லி அனுப்பினாரு."