ரம்பத்துக்குச் சிரித்தவர்

திரையில் ஓர் இளைஞனைத் தூணில் கட்டிவைத்து, கையை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

முன் வரிசையில் ஒரு பெரியவர் சத்தம் போட்டுச் சிரித்தார்.

பின் இருக்கையிலிருந்த நஸ்ரினுக்கு எரிச்சலாக வந்தது. சினிமா விமர்சனம் எழுதுகிறவள். திரையில் ரத்தம் காட்ட ஓர் எல்லை வேண்டாமா என்று வாராவாரம் கேட்கிறவள்.

அடுத்து காது போனது. அதற்கும் சிரிப்பு.

"காகா, ஷாந்த் பசா", பேசாமல் உட்காருங்க என்று யாரோ மராத்தியில் அதட்டினார்கள். புனே தியேட்டரில் வேறு எந்த மொழியில் அதட்டுவார்கள்?

ரம்பம் வயிற்றில் இறங்கியது. பெரியவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். இளைஞனின் தலை தொங்கியது. இடைவேளை.

"நீ உக்காரு, டீ வாங்கியாறேன்" என்று பக்கத்திலிருந்த மனைவி சின்னம்மாவிடம் சொல்லிவிட்டு அவர் எழுந்தார்.

தமிழா? நஸ்ரின் பின்னாலேயே போனாள்.

"அங்கிள், ஒருத்தனைத் துடிக்கத் துடிக்கக் கொல்றாங்க. உங்களுக்கு எப்படிச் சிரிப்பு வருது?"

"நம்ம ஊருப் பொண்ணா?" என்றவர் தயங்கினார். "செத்தது எம் பையன்மா. ஜெபகுமார். முதல் படம்."

நஸ்ரின் விழித்தாள்.

"நாலு வருஷம் மும்பைக்கு ரயில்ல அலைஞ்சு கிடைச்ச வேஷம். பார்த்தே தீருவேன்னு அவங்கம்மா போபோடி வீட்டிலேருந்து கிளம்பிட்டா. பிரஷர் உள்ளவ. ரம்பத்தைப் பார்த்ததுமே, 'நகம் வெட்டினாலே கத்துவானே'ன்னு அழ ஆரம்பிச்சுட்டா. நான் சிரிச்சா, எல்லாம் பொய்தானேன்னு கொஞ்சம் தைரியமா இருப்பா. அதான்."

"சாரி அங்கிள். தெரியாமக் கேட்டுட்டேன்."

"பரவால்லம்மா. நல்லவேளை, இடைவேளைக்குள்ளயே செத்துட்டான். இனி நிம்மதியாப் பார்க்கலாம்."

நஸ்ரினுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"படம் எனக்குப் பிடிக்கல அங்கிள். ஆனா உங்க பையன் நல்லா நடிச்சிருக்கார். சாகறதுக்கு முன்னாடி ஒரு பார்வை பார்த்தாரே..."

"அப்படியா?" அவர் முகம் மலர்ந்தது. "எப்படிம்மா பார்த்தான்?"

"நீங்க பார்க்கலையா?"

பெரியவர் மனைவி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்கேம்மா பார்த்தேன்? கட்டிவெச்சதுமே கண்ணை இறுக்க மூடிக்கிட்டேன். அவ எப்பல்லாம் என் கையை அழுத்துனாளோ, அப்பல்லாம் சிரிச்சேன்."