மூன்று நட்சத்திரம் போட்ட வழக்கு

தெருவார் எனக்கு இட்டு வழங்கும் பெயர் சட்டப்புலி. அகவை எழுபத்திரண்டு நிறைந்து மூன்று திங்கள் ஆகின்றன. பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை. மீதிப் படிப்பு நூலகத்தில், என் சொந்த முயற்சியில். திருகாணி ஆலையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் தரப் பரிசோதகனாக இருந்தவன். இனி, நான் நேரில் கண்ட ஓர் அநீதி.

சனவரியில் எங்கள் வாஷிங் மெஷின் தண்ணீரைக் கக்கியது. பழுது பார்க்க ஆள் அனுப்பும் கைப்பேசிச் செயலியில் பதிந்தேன். நாற்பது வயது மதிக்கத்தக்க மெக்கானிக் ஒருவர் சொன்ன நேரத்துக்கு வந்தார். பம்பில் சிக்கியிருந்த சட்டைப் பொத்தானை எடுத்தார். போகும்முன் தரையையும் துடைத்தார்.

அவர் படியிறங்கியதும் கைப்பேசி நட்சத்திரம் கேட்டது. மூன்று போட்டேன். கீழே, "பணி செம்மை, நேரந்தவறாமை பாராட்டுக்குரியது" என்றும் எழுதினேன்.

மருமகள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன மாமா மூணு? அஞ்சு போட்டுடுங்க. எல்லாரும் அதான் போடுறாங்க. ஊரோட ஒத்துப் போங்களேன்."

"ஊர் கையில தராசு இல்லம்மா. என் கையில இருக்கு. மூணுன்னா தேர்ச்சி, நாலுன்னா பாராட்டு. அஞ்சை நான் எனக்கே போட்டுக்கிட்டது கிடையாது."

"அதான் ஊருக்கே தெரியுமே" என்று உள்ளே போய்விட்டாள்.

மார்ச்சில் இயந்திரம் மறுபடி தகராறு செய்தது. துணி சுழலும்போது, இருந்த இடத்தை விட்டு நடக்கத் தொடங்கியது. மீண்டும் பதிந்தேன். இம்முறை வந்தவர் வேறு ஆள். காதில் மாட்டிய கருவியில் யாருடனோ பேசியபடியே ஒரு திருகாணியை முறுக்கினார், முடிந்தது என்றார்.

"போன தடவை வந்தவர் எங்கே, தம்பி?"

"அவரா? பாவம் சார். வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஆறு பேர் அஞ்சு போட்டாங்க. ஏழாவதா எவனோ ஒரு மகராசன் மூணு போட்டுத் தொலைச்சிட்டான். அதோட ஒரு ஆர்டர் கூட வரல. பைக்கை வித்துட்டு இப்ப குடோன்ல மூட்டை தூக்குறார். முதுகுவலிக்காரர் வேற."

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"மூணு தேர்ச்சிதானே, தம்பி?"

"அங்க அஞ்சுதான் சார் பாஸ். மத்ததெல்லாம் ஃபெயில்."

மேல்படி ஒன்றில்தான் மனிதன் நிற்கலாம் என்றால், கீழே நான்கு படி கட்டுவானேன்? நான் எழுதிய பாராட்டைப் படிக்க அந்த நிறுவனத்தில் கண்ணுள்ள ஒருவர் கூடவா இல்லை? தொலைபேசி எண்ணைத் தேடினேன், கிடையாது. செய்திப் பெட்டியில் நியாயம் கேட்டேன். பதினோரு முறை கேட்டதற்குப் பதினோரு முறையும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று வந்தது.

மறுநாள் புதன்கிழமை. இயந்திரம் விடிந்ததும் விடியாததுமாக மறுபடி நடந்தது. இரண்டு பேருந்து மாறி நானும் அவர்கள் கிளை அலுவலகத்துக்கு நடந்தேன். மேலாளர் ஒரு பெண்மணி; என் மகள் வயது இருக்கும். மெக்கானிக்கின் பெயரையும் நான் போட்ட மூன்றையும் முதலில் பதிவு செய்தேன்.

"ஒரு குடும்பஸ்தனை நீக்க உங்களுக்கு என்ன அதிகாரம்?"

"யாரையும் நாங்க நீக்கலையே, ஐயா. அவர் இப்பவும் லிஸ்ட்ல இருக்கார்."

"பொய்! முந்தாநாள் நானே பார்த்தேன். இல்லை."

"எப்படிப் பார்த்தீங்க? இப்ப என் முன்னாடி ஒரு தடவை புக் பண்ணிக் காட்டுங்க."

செயலியைத் திறந்தேன். வாஷிங் மெஷினைத் தொட்டேன். வழக்கம்போல 'நான்கு புள்ளி எட்டுக்கு மேல் மட்டும்' என்ற பொத்தானையும் தொட்டேன்.

"அதை எதுக்கு அமுக்குறீங்க?"

"நல்ல கேள்வி! வீட்டுக்குள்ள விடுற ஆளாச்சே. தரமானவரா பார்த்து…"



"இப்ப அதை எடுத்துடுங்க, ஐயா."

எடுத்தேன். பட்டியல் நீண்டது. கடைசியில் அவர் முகம் இருந்தது. நான்கு புள்ளி ஏழு. பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது.

"பச்சை எரிஞ்சா ஆர்டருக்குக் காத்திருக்கார்னு அர்த்தம். மூட்டை தூக்கும்போதும் அவர் அதை அணைக்கிறதில்ல. உங்க மூணு அவரைக் கெடுக்கல, ஐயா. நீங்க எல்லாருமா இந்தப் பொத்தானைத் தொடுறீங்களே, அதுதான்."

அவரையே பதிந்தேன். ஒரு நிமிடம் ஆகவில்லை. "இன்னைக்கு மதியமே வந்துடறேன், ரொம்ப நன்றி" என்று பதில் வந்தது. ஒரு குடும்பத்தை மீட்டுவிட்ட மிடுக்கு எனக்கு ஏறிற்று. எழுந்து நின்று மேசையைத் தட்டினேன்.

"அது இருக்கட்டும்! உழைக்கிறவனை உயிரோட புதைக்கிற இந்தப் பொத்தானைக் கேட்ட மகாபாவி யார்? அதைச் சொல்லுங்க!"

"ஒரு வாடிக்கையாளர்தான், ஐயா. ரெண்டு வருசத்துக்கு முன்னால கடிதம் போட்டார். தலைமை ஆபீஸ்ல அசந்துபோய், எல்லாக் கிளைக்கும் பிரேம் போட்டு அனுப்பிட்டாங்க. உங்க பின்னாடிதான் மாட்டியிருக்கு."

திரும்பினேன். 'வாடிக்கையாளர் கேட்டார், நாங்கள் செய்தோம்' என்ற தலைப்பின் கீழ், கண்ணாடிக்குள் அக்கடிதம்: "தரத்தில் தாழ்ந்தோரைப் பட்டியலில் காண்பதால் எம் பொன்னான நேரம் விரயமாகின்றது, ஆகவே, உயர்ந்தோரை மட்டும் காட்டும் வழியொன்றை உடனே அமைத்தருள்க."

ஒற்றுப்பிழை கூட இல்லாத கடிதம். வழக்கு முடிந்த நாள் மார்ச் பன்னிரண்டு, புதன்கிழமை, முற்பகல் பதினொன்று நாற்பது. கடிதத்தின் அடியில் இருந்த கையொப்பம் என்னுடையது.