தண்ணி விஷயம்

"தண்ணி விஷயம் எப்படி தம்பி?"

உட்காருவதற்கு முன்பே கேட்டார் வந்தவர். துணை மின்நிலையத்து ஆபரேட்டர் அசந்துபோனான். தலைமை அலுவலகத்திலிருந்து இன்று ஒரு பெரியவர் வருவார் என்று சொல்லியிருந்தார்கள். இப்படி நேரே பேட்டரிக்கே வருவார் என்று அவன் நினைக்கவில்லை.

மின்சாரம் நின்றுபோனால் நிலையத்தின் சுவிட்சுகளை இயக்க அந்த பேட்டரிகள்தான் துணை. பழைய அமில பேட்டரிகளுக்கு ஓயாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்ணீரே கேட்காத லித்தியம் பேட்டரிக்கு மாறலாம் என்று எழுதி அனுப்பியவன் அவன்தான். அது தேறினால் பதவி உயர்வு. பதவி உயர்ந்தால் காதலியின் அப்பாவிடம் தைரியமாகப் போய்ப் பெண் கேட்கலாம்.

மேஜைமேல் போன் துடித்தது. அவள்தான். கவிழ்த்து வைத்தான்.

"வாராவாரம் ஊத்திடுவேன் சார். வெயில் காலத்துல இன்னும் கூடப் போகும்."

"வேலை நேரத்துலயா?"

"அப்பத்தானே சார் முடியும்?"

அவன் சட்டையில் அமிலம் தின்ற ஓட்டைகளையே பார்த்தார் அவர். "விட்டுட முடியாதா?"

"விட்டா உயிரே போயிடும் சார். அதனாலதான் புதுசு வேணும்கறேன்."

"அப்ப... பழசுன்னு ஒண்ணு இருக்கா?"

"பக்கத்து ரூம்லதான். எட்டு வருஷமா நான்தான் பாத்துக்கறேன்."

"ஆபீஸ்லயேவா?"

"வேற எங்க சார் வைக்கறது? வாங்க, காட்டறேன்."

"ஐயையோ, வேண்டாம்!"

ஆபரேட்டருக்குத் தலை சுற்றியது. பேட்டரியைப் பார்க்காமல் இது என்ன ஆய்வு? வெளியே டிரான்ஸ்பார்மர், வரிகளை மறந்துபோன பாட்டுக்காரனைப் போல ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது.

"புதுசு வந்தா பழசை என்ன பண்ணுவீங்க?"

"எடைக்குப் போட்டுடலாம் சார்."

அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குறையை மறைப்பது நியாயமில்லை என்று அவனுக்குப் பட்டது.

"புதுசுலயும் ஒரு சிக்கல் இருக்கு சார். சூடாச்சுன்னா லேசுல அடங்காது."

"அது எனக்குத் தெரியாதா?" பெருமூச்சு விட்டார் அவர்.

பரவாயில்லை, விஷயம் தெரிந்த மனிதர்தான்.

டீயைத் தொடாமலே எழுந்தார். "யோசிச்சு... சொல்லி அனுப்பறேன்" என்றபடி வாசலுக்குக் கிட்டத்தட்ட ஓடினார்.

ஒன்றும் புரியாமல் போனை நிமிர்த்தினான். அவளுடைய செய்தி காத்திருந்தது:

"போனை எடுடா! அப்பா உன்னைப் பாக்க அங்கதான் வர்றார். குடிப்பியா, வேற யாராவது இருக்காங்களா, இவ்வளவுதான் கேப்பாராம். பயப்படாம உண்மையைச் சொல்லு, போதும்."