தனியறை வாடகைக்கு

"மற்றதெல்லாம் உம்மடை விருப்பம், தம்பி. ஆனா கதவுக்கு மட்டும் தாழ்ப்பாள் போடக் கூடாது. பகலெண்டாலும் சரி, இரவெண்டாலும் சரி."

வீட்டுக்காரர் அருளம்பலம் இதைச் சொன்னதும் ஆனந்தராசாவின் முகம் சுருங்கிப்போனது. கலியாணம் முடித்து இரண்டு மாதம்கூட ஆகாதவன் அவன். தாழ்ப்பாள் இல்லாத அறைக்கு இளம் மனைவியை எப்படிக் கூட்டி வருவது?

"ஏன் ஐயா அப்பிடி?"

"அது இந்த வளவின்ரை ஒழுங்கு. ஏலாதெண்டால் சொல்லும். கேற்றடியிலை இன்னும் ஆக்கள் நிக்கினம்."

நின்றார்கள்தான். நாற்பத்திரண்டாம் ஆண்டின் தொடக்கம் அது. திருகோணமலைத் துறைமுகம் நிறையப் போர்க்கப்பல்கள். நேவி யார்ட்டுக்கு வேலை தேடி வந்த கூட்டத்துக்கு ஊரில் தலை சாய்க்க இடமில்லை. யார்ட்டில் கிளாக்கராகச் சேர்ந்த ஆனந்தராசாவும், வந்த நாள்முதல் ஆதம்பாவாவின் கடை விறாந்தையில் உப்பு மூட்டைகளோடு இன்னொரு மூட்டையாகத்தான் படுத்துக் கிடந்தான்.

வெருகலில் இருந்த மாமனாரோ ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். தனியறை ஒன்று பிடித்தால்தான் மகள் குணேஸ்வரியை அனுப்புவாராம். இல்லாவிட்டால் மருமகன் உத்தியோகத்தை விட்டுவிட்டு வயலுக்கு வர வேண்டியதுதானாம்.

அருளம்பலத்தின் கவலை வேறு. யுத்தம் வந்தால் வாடகை ஏறும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, மனைவியின் நகைகளை விற்று, உவர்மலையில் இருந்த தன் வளவில் வரிசையாக வாடகை அறைகளுக்கு அத்திவாரம் போட்டவர் அவர். சுவர் இடுப்பளவுக்கு எழும்பிய நேரம் பார்த்து, மேசன்மார் அத்தனை பேரும் இரட்டைக் கூலிக்கு நேவி வேலைக்குப் போய்விட்டார்கள். வாடகை வானத்துக்கு ஏறிக்கொண்டிருக்க, அவருடைய சுவர்கள் மட்டும் இடுப்போடு நின்றுவிட்டன.

அதற்காகச் சும்மா இருக்கிற மனிதரா அவர்? மாட்டுக் கொட்டிலைக் கழுவி, யார்ட்டில் மெசின் பூட்டுகிற இரண்டு பிற்றர்மாரைக் குடிவைத்தார். பசு வேப்பமரத்தடிக்குப் போனது. வண்டில் நின்ற கொட்டகையில் இப்போது ஒரு ஸ்டோர்கீப்பர் இருந்தார். வண்டில் மழையில் நனைந்தது.

"ஊரிலை ஒரு மேசனும் இல்லை. இந்த அறையை மட்டும் எப்பிடி ஐயா கட்டி முடிச்சனீங்கள்?"

அருளம்பலம் நெஞ்சை நிமிர்த்தினார். "இதுக்கு மட்டும் கவண்மேந்தே மேசன்மாரை விட்டது, தம்பி. சீமெந்தும் தந்தது. சுவரின்ரை தடிப்பைப் பாரும். ஆனை வந்து முட்டினாலும் அசையாது."

மனிதருக்கு மேலிடத்தில் இவ்வளவு செல்வாக்கா என்று ஆனந்தராசா வாயைப் பிளந்தான். ஆனாலும் ஒரு குறை இருந்தது.

"சன்னல் ஒண்டையும் காணேல்லை?"

"சன்னலும் வேணும், தாழ்ப்பாளும் வேணும்! நீர் கிளாக்கரோ, தேசாதிபதியோ?"

அதற்குமேல் கேட்க ஆனந்தராசாவுக்குத் துணிவில்லை. கேற்றடிப் பக்கம் ஒருமுறை பார்த்தான். சம்பளத்தில் பாதி போனாலும் போகட்டும் என்று வாடகையைக் கொடுத்துவிட்டு, அன்றைக்கே வெருகலுக்குக் கடிதம் போட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குணேஸ்வரி வந்து சேர்ந்தாள். மூதூர் லோஞ்சில் கடல் தாண்டி வந்த களைப்பு முகத்தில் இருந்தாலும், அறையைப் பார்த்ததும் அவளுக்குப் பிடித்துவிட்டது.

"வெளியிலை நெருப்பு வெயில். உள்ளுக்கை என்ன குளிர்ச்சி!" என்றவள், கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "தாழ்ப்பாளைக் காணேல்லையே?"

"அதுக்கெல்லாம் வழி வைச்சிருக்கிறன்."

ஆனந்தராசா தன்னுடைய றங்குப் பெட்டியை இழுத்துக் கதவோடு சேர்த்து வைத்தான். தாழ்ப்பாள்தானே போடக் கூடாது? பெட்டி வைக்கக் கூடாது என்று யார் சொன்னது? குணேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கலியாணம் முடிந்த நாளிலிருந்து மாமன், மச்சான், ஒன்றுவிட்ட சித்தி என்று யாராவது ஒருவர் பக்கத்தில் இல்லாமல் அவர்கள் இருந்ததே இல்லை. இன்றைக்குத்தான் உண்மையிலேயே தனியாக இருந்தார்கள். மெல்ல அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்தான்.

துறைமுகப் பக்கம் சைரன் ஊளையிட்டது.

என்ன ஏது என்று அவன் எழும்ப முன்னமே கதவு இடிபட்டது. றங்குப் பெட்டி கிறீச்சிட்டுக்கொண்டு நகர்ந்தது. அருளம்பலத்தின் மனைவி கமலாதேவி அரைவாசி வெட்டிய மீனும் கையுமாக உள்ளே வந்து விழுந்தாள்.

அவளுக்குப் பின்னால் பிள்ளைகள் வந்தார்கள். பிள்ளைகளுக்குப் பின்னால் பிற்றர்மார், ஸ்டோர்கீப்பர், வேலிக்கு அங்கால் இருந்த குடும்பம் என்று வளவே உள்ளே வந்தது. ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழகிய இடத்துக்கு வந்தவர்கள் மாதிரி அவரவர் இடத்தில் அமர்ந்தார்கள். பிற்றர் ஒருவர் குணேஸ்வரியின் புதுத் தலையணையை எடுத்து முதுகுக்கு வைத்துக்கொண்டார். அவளோ சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் மூலையில் ஒடுங்கி நின்றாள்.

கடைசியாக அருளம்பலம் மூச்சு வாங்க ஓடி வந்து கதவைச் சாத்தினார்.

ஆனந்தராசாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "என்ன ஐயா இது அநியாயம்? இது நான் வாடகை தந்து எடுத்த தனியறை!"

"ஆர் இல்லையெண்டது?" என்று அருளம்பலம் சால்வையால் வியர்வையைத் துடைத்தபடி அவனுடைய பாயில் அமர்ந்தார். "குண்டு போடாத நேரமெல்லாம் உம்மடைதானே, தம்பி!"