முதுகு காட்டிய உருவம்

படுத்த படுக்கையாகிவிட்ட கணவர் நல்லமுத்து பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று, பவளம் எதிர்ச்சுவரில் ஒரு மலையை வரைந்தாள். அடிவாரத்திலிருந்து மேலே ஒரு பாதை, உச்சியில் மட்டும் வெயில். "பாதையில என்னையும் ஏத்திவிடு புள்ள" என்று அவர் கேட்டார். அவளுக்கு முகம் வரைய வராது. அடிவாரத்தில் முதுகு காட்டி ஒரு வேட்டிக்காரரை வரைந்தாள்.

மறுநாள் காலையில் அந்த உருவம் பாதி மலையில் இருந்தது. படுக்கையில் அவருக்கு மூச்சு இரைத்தது. பவளம் பதறிப்போய் மீதிப் பாதை முழுக்க வெள்ளையைக் குழைத்துப் பனி பூசினாள்.

"வழிய மறிக்கிறியாக்கும்?" என்று சிரித்தார்.

"குளிருது மாமா, இறங்கி வந்துடுங்க."

விடிந்தபோது உருவம் பனியைத் தாண்டி வெயிலருகே நின்றது. அவர் பின்னால் தானும் ஏறிப்போக, பனி பூசிய அவளே பாதையை விட்டுவைக்கவில்லை. அடிவாரத்தில் தன்னை வரைந்தாள், இரு கைகளையும் வாயருகே குவித்துக் கூப்பிடுகிறவளாக. மேலே நிற்பவர் திரும்புவதற்கு, அவள் அவருக்கு முகம் வைத்திருக்கவில்லை.