இருபதாவது ஜோடி

வயதும் எழுதும் கையும் ஒத்த இருவரை ஜோடி சேர்த்து, ஒருவரைப் பாட்டு ஒலிக்கும் அறையிலும் மற்றவரை அமைதியான அறையிலும் உட்காரவைத்து, முப்பது சொற்களை நினைவிலிருந்து எழுதச் சொல்வது என் ஆய்வு. இருபது ஜோடிகள் தேறினால்தான் இந்த ஆண்டு பட்டம். கடைசி நாளில் பத்தொன்பதரை இருந்தது. அந்த அரை, ஐம்பத்திரண்டு வயதுத் தையற்காரர், இடக்கைக்காரர். அவருக்கு ஈடான ஆள் சிக்கவில்லை.

"உனக்கே ஒரு ஜோடி அமையல. இவருக்கு எங்கடி தேடுவ?" என்றாள் உதவிக்கு வந்திருந்த அக்கா.

தையற்காரரைப் பாட்டு அறையில் உட்காரவைத்தேன். பழக்கதோஷத்தில் அக்கா காலி அறையிலும் ஒரு தாளை வைத்துக் கதவைச் சாத்தினாள். அந்தக் கதவுக்கு எதிரிலேயே இருவரும் தேநீர் குடித்தோம்.

தையற்காரர் சிரித்துக்கொண்டே வந்தார். "பதினொண்ணுதாம்மா ஞாபகம் வந்துச்சு. பக்கத்து ரூம்காரர் கெட்டிக்காரர். பாட்டு நின்னப்புறமும் சுவருக்கு அந்தப்பக்கம் எழுதுற சத்தம் கேட்டுட்டே இருந்துச்சே."

அவரை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்தேன். நாற்காலி பின்னால் நகர்ந்திருந்தது. தாளில் முப்பது சொற்களும் இருந்தன. வயது ஐம்பத்திரண்டு. எழுதும் கை, இடது. பெயர் இல்லை, என் ஆய்வில் யாரிடமும் பெயர் கேட்பதில்லை.

"விதிப்படி சரியாத்தான் இருக்கு. சேர்த்துக்க," என்றாள் அக்கா.

இருபது என்று குறித்தேன். பிறகுதான் தாளின் அடியில் இருந்த கருத்தைப் படித்தேன்: 'அடுத்த தடவை பாட்டு அறை தாருங்கள்.'

கிளம்பும்போது அக்கா, ஆளில்லாத பாட்டு அறையில் பாட்டைப் போட்டுவிட்டு வந்தாள்.