ஒரு காருக்கு ரெண்டு மாடி

டோரீன் கார் ஓட்டுவதை விட்டுப் பல வருஷமாகிறது. அவர் கான்கிரீட் வேலை செய்கிற என்னைக் கூப்பிட்டு, "ரூடி, கராஜ்ல காரை மேல தூக்கி நிறுத்தற லிஃப்ட் வைக்கணும். தரையைப் பார்த்துச் சொல்லுங்க" என்றால் நான் என்ன நினைப்பது?

இத்தனைக்கும் உள்ளே நிற்பது ஒரே ஒரு கார். இறந்துபோன கணவரின் பழைய பியூக்.

"இது ஓடறதே இல்லையே. வித்துடலாமே?"

"அது என்னுது இல்ல. மகன் கீத்துக்குன்னு அவர் வெச்சுட்டுப் போனது."

துளை போட்டுப் பார்த்தேன். தரை மூன்று விரல்கடை கனம்கூட இல்லை. போதாததற்கு வெடிப்பு வேறு.

"இந்தத் தரை தாங்காதுங்க. கார் கனமும் சேர்ந்தா லிஃப்ட் கால் நாலும் தரையைப் பிஸ்கட் மாதிரி நொறுக்கிடும். முழுசா உடைச்சு, ஜல்லி போட்டு இடிச்சு, கம்பி கட்டி, ரெண்டு மடங்கு கனத்துல கான்கிரீட் போடணும். அது இறுகவே ஒரு மாசம் ஆகும்."

"அப்ப இன்னைக்கே உடைங்க. பனி விழறதுக்குள்ள முடியணும்."

"சும்மா நிக்கிற காருக்கு எதுக்கு இவ்வளவு அவசரம்?"

"நீங்க தரையைப் பாருங்க, ரூடி."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தனியாக இருக்கும் கிழவிகளை ஏமாற்றிக் கராஜ் போடுகிறவர்கள் என் தொழிலில் உண்டு. புத்தி பிசகியவரிடம் வேலை பிடித்தேன் என்ற கெட்ட பெயர் எனக்கு எதற்கு?

"மகன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்றேன்.

தடுப்பார் என்று பார்த்தால், நம்பரை அவரே சொன்னார்.

கீத் கொலம்பஸில் பெரிய உத்தியோகம். ரெண்டு மணி நேரப் பயணம். ஆனால் நான் போன் செய்த அரை மணியில் வாசலில் வந்து நின்றான். இது எப்படி என்று ஒரு குழப்பம். நான் கேட்கவில்லை.

"அம்மா, உனக்கு என்ன ஆச்சு? அப்பா காரை எதுக்கு மாடியில ஏத்தற?"

"கீழ இடம் வேணும்டா."

"கீழ என்ன வைக்கப் போற?"

"கார்."

"எந்தக் கார்? உங்கிட்ட இருக்கறதே இது ஒண்ணுதான்."

"யாராவது வந்தா நிறுத்த வேண்டாமா?"

"தெருவுல நிறுத்தட்டும்."

"பனிக்காலத்துல ராத்திரி தெருவுல விட்டா முனிசிபாலிட்டிக்காரன் இழுத்துக்கிட்டுப் போயிடுவான்."

"ராத்திரி தங்கறதுக்கு இந்த வீட்டுக்கு யாரும்மா வரா?"

டோரீன் பியூக்கின் மேல் படிந்திருந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கீத் என் பக்கம் திரும்பினான். "பார்த்தீங்களா சார்? முத்திப் போச்சு. டாக்டர்கிட்ட காட்டணும். இப்படியே போனா ஏதாவது முதியோர் இல்லத்துலதான் சேர்க்கணும்."

நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையை ஆட்டினேன். பாவம்தான். ஆனால் வேறு வழி?

சாமான்களை எடுத்து வைக்கத் திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் டோரீன் மெதுவாகப் பேசினார்.

"உன் பிறந்தநாளுக்குக் கேக் செஞ்சு எடுத்துக்கிட்டு, பஸ் பிடிச்சு கொலம்பஸ் வந்தேன். உன் வீட்டுக் கதவை வேற யாரோ திறந்தாங்க."

துணியை உதறும் சத்தம் கேட்டது. டோரீன் தொடர்ந்தார்.

"திரும்பி வரும்போது நம்ம ஊர்ப் பெரிய கடை வாசல்ல உன் கார் நின்னுச்சு. கண்ணாடிக்கெல்லாம் துண்டு கட்டியிருந்த. உள்ள நீ தூங்கிக்கிட்டு இருந்த."

"அம்மா... வேலை போச்சும்மா. புதுசா ஒண்ணு கிடைச்சதும் சொல்லலாம்னு..."

"எப்ப போன் பண்ணினாலும் நல்லா இருக்கேன்னுதான் சொன்ன. வீட்டுக்கு வாடான்னு கூப்பிட்டிருந்தா வந்திருப்பியா? உங்கப்பா மாதிரியே வீம்பு."

திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். பார்த்துவிட்டேன். அத்தனை பெரிய ஆள் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"இந்தக் குளிருக்குக் கார்ல படுத்தா செத்துப் போவ. லிஃப்ட் வந்ததும் அப்பா கார் மேல நிக்கட்டும், உன் கார் கீழ நிக்கட்டும். அதுவரைக்கும் ரூடி அவரோட ஷெட்ல நிறுத்திக்குவாரு, என்ன ரூடி?"

இந்தத் தடவை உண்மையாகவே தலையாட்டினேன்.

"ஊர்ல என்னம்மா சொல்றது?" என்றான் கீத்.

"அம்மாவுக்குப் புத்தி பிசகிடுச்சு, பார்த்துக்க வந்திருக்கேன்னு சொல்லு. ரூடியே சாட்சி சொல்வாரு."